பட்டம் பெறாத மாணவர்: லூ கெரிக்கின் வாழ்வு தரும் பாடம்

கல்லூரியின் விழா மலர் கைக்கு வந்ததும் நம்மிற் பலர் முதலில் நாடுவது அதன் பெயர்ப் பட்டியல்களையே. பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வைத்தியரும் நியாயவாதிகளும் பொறியியலாளரும் ஆனோர் யார் யார், உயர்பதவி வகித்தோர் எவர் என்று தேடி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், அப்பட்டியல்களில் இடம்பெறாத மாணாக்கரும் ஒவ்வொரு கல்லூரிக்கும் உளர். தந்தை நோயுற்றமையாலோ, குடும்பத்தைக் காக்கும் பொறுப்புத் தலைமேல் வீழ்ந்தமையாலோ, புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுத் தொழில் தேடிச் சென்றவர்கள் அவர்கள். கல்லூரி அவர்களுக்கு யாது கொடுத்தது? அவர்கள் தாம் பெற்றதை எவ்வாறு பயன்படுத்தினர்?

இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு மாணவரின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம். அவர் பெயர் லூ கெரிக். நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஈராண்டு கற்று, பட்டம் பெறாமலே வெளியேறி, பேஸ்போல் ஆட்டத்தின் அதியுயர்ந்த அரங்கிலே பதினான்கு ஆண்டுகளாக ஒரு போட்டியேனும் தவறாது விளையாடியவர் அவர். விளையாட்டில் ஈடுபாடு இல்லாதோரும் அவர் வாழ்விற் கற்கத் தக்கன சில உள.

ஆட்டத்தின் இயல்பு

கிரிக்கெற் ஆட்டத்தையே பழகிய நமக்குப் பேஸ்போல் ஆட்டம் சிறிது புதுமையானது. ஆதலின் அதன் அமைப்பை முதற்கண் சுருங்கக் கூறுதல் தகும். பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுவர். சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைக்கப்பட்டிருக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம். பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் முறையே தொட்டு, தாம் புறப்பட்ட தளத்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்தினை எல்லைக்கு அப்பால் அடித்தால் அவர் தடையின்றி முழுச்சுற்றும் ஓடி வரலாம். இதனையே அமெரிக்கர் 'ஹோம் ரன்' என்பர்.

கிரிக்கெற்றிலே ஆட்டமிழக்காத துடுப்பாளர் நாள் முழுவதும் நின்று ஆடலாம். பேஸ்போலிலோ ஒவ்வொருவரும் முறை வரும்போது மாத்திரமே துடுப்பெடுப்பர். பத்து முறைக்கு மூன்று முறை பழுதின்றி அடிப்பவர் தேர்ந்த துடுப்பாளராக மதிக்கப்படுவர். எனவே தோல்வி என்பது அவ்வாட்டத்தில் எல்லார்க்கும் நாளாந்த அனுபவமாம்.

அந்நாட்டிலே இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட குழுக்கள் பல படிகளாக அமைந்துள்ளன. கீழ்ப்படியில் உள்ளவை 'மைனர் லீக்' எனவும், உச்சியில் உள்ளவை 'மேஜர் லீக்' எனவும் வழங்கும். கெரிக்கின் காலத்தில் மேஜர் லீக்கில் இருந்த குழுக்கள் பதினாறு. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 154 போட்டிகள் ஆடவேண்டும். ஏப்பிரில் முதலாக இலையுதிர்காலம் தொடங்கும்வரை, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரு போட்டி நடைபெறும். இதனை நினைவிற் கொண்டாலன்றி, பின்னர் நாம் கூறவிருக்கும் செயலின் அருமை விளங்காது.

இளமையும் வறுமையும்

கெரிக் 1903ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அவர்களுக்குப் பிறந்த நான்கு மக்களுள் மூவர் குழந்தைப் பருவத்திலேயே மறைய, எஞ்சியவர் இவர் ஒருவரே. தந்தையார் உலோகத் தகட்டு வேலை அறிந்தவர். எனினும் நோயினால் அவருக்கு வேலை நிலைக்கவில்லை. தாயார் கிறிஸ்ரினா அம்மையாரே பிறர் வீடுகளிற் சமைத்தும் துணி வெளுத்தும் குடும்பத்தைத் தாங்கினார். மகன் பொறியியலாளனாக வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. பந்தடித்துத் திரிதலால் வரும் பயன் யாது என்பது அவ்வம்மையாருக்கு விளங்கவேயில்லை.

ஆயினும் மகனின் கைவன்மை மறைந்திருக்கக் கூடியதாயில்லை. 1920ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் பயின்ற உயர்தரப் பாடசாலைக் குழு சிக்காகோ நகருக்குச் சென்று, அந்நகரத்துப் பாடசாலைக் குழுவொன்றை எதிர்த்து ஆடியது. போட்டி நடைபெற்ற இடம் மேஜர் லீக் குழுவொன்றின் மைதானம். இறுதி முறையாட்டத்திலே மூன்று தளங்களிலும் தம் குழுவினர் நிற்க, பதினேழு வயதினரான கெரிக் அடித்த பந்து மைதானத்தின் மதிலையுங் கடந்து வெளியே சென்று வீழ்ந்தது. வயதுவந்த தொழில் ஆட்டக்காரர்க்கும் எளிதிற் கைகூடாத அடி அது. அடுத்த நாட் பத்திரிகைகள் அவர் பெயரைப் பேசின.

1921ஆம் ஆண்டு அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே மாணவர் சங்க விடுதியொன்றில் அவர் தாயார் சமையல் வேலை பார்த்தார். தந்தையாரும் அவ்விடத்திலேயே பராமரிப்பு வேலை செய்தார். சக மாணவர் உண்ணும் உணவைத் தம் தாய் அடுப்படியில் நின்று சமைக்க, அதே கல்விச்சாலையிற் பாடங் கேட்கச் சென்ற இளைஞரின் மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வறுமையை மறைக்க அவருக்கு இடமிருக்கவில்லை. அதனைக் கண்டு நாணி ஒதுங்கவும் அவர் முற்படவில்லை.

ஒரு பிழையும் அதன் தண்டனையும்

பெரியோர் வரலாறு கூறுவோர் சிலர் அவர்தம் பிழைகளை மறைத்துவிடுவர். அஃது இளைஞர்க்கு நன்மை பயவாது. கெரிக்கும் ஒரு பிழை செய்தார். 1921ஆம் ஆண்டுக் கோடையில், பல்கலைக்கழகப் படிப்புத் தொடங்குவதற்கு முன்னர், நியூயோர்க் ஜயன்ற்ஸ் குழுவின் புகழ்வாய்ந்த முகாமையாளரான ஜோன் மக்ரோ அவரது ஆட்டத்தைப் பரிசோதித்தார். அதன் பின்னர் கனெற்றிக்கட் மாநிலத்து ஹாட்போட் நகர்க் குழுவில், 'லூயிஸ்' என்னும் புனைபெயரோடு கெரிக் சில போட்டிகளில் ஊதியத்துக்கு ஆடினார். ஊதியம் பெற்று ஆடிய ஒருவர் பல்கலைக்கழகக் குழுவில் ஆடலாகாது என்பது விதி. புனைபெயர் நெடுநாள் காக்கவில்லை. உண்மை வெளிப்பட்டதும், ஓராண்டுக்குப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடும் உரிமையை அவர் இழந்தார்.

அறியாமையும் பணமுடையும் சேர்ந்து செய்வித்த பிழை என்று அதனைக் கொள்ளலாம். தண்டனையை ஏற்று, படிப்பைத் தொடர்ந்து, காலம் நிறைவுற்றபின் அவர் மீண்டும் களம் புகுந்தார். ஒறுத்த கல்விச்சாலையே அவரை மறுபடியும் ஏற்று வாய்ப்பும் அளித்தது. ஒறுத்தலும் ஏற்றலும் ஒருங்கே அறிந்த ஆசிரியர் கையில் வளர்வது மாணவர்க்கு வாய்க்கும் பேறாகும்.

1923ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அவர் கொலம்பியாக் குழுவிற் பந்தெறிபவராகவும் துடுப்பாளராகவும் விளங்கினார். ஏப்பிரில் 18ஆந் திகதி நியூயோர்க் யாங்கீஸ் குழுவின் புதிய பெருமைதானம் திறந்துவைக்கப்பட்டது. நகரத்தின் கண்ணெல்லாம் அங்கே குவிந்திருக்க, பேப் ரூத் என்னும் மாவீரர் அம்மைதானத்தின் முதலாவது ஹோம் ரன்னை அடித்தார். அதே நாளில் கொலம்பியா மைதானத்திலே கெரிக் எதிர்க்குழுவினர் பதினேழு பேரைப் பந்தெறிந்தே ஆட்டமிழக்கச் செய்தார். அத்துணை செய்தும் அவருடைய குழு அன்று தோற்றது! தனியொருவரின் திறமை மட்டும் குழுவை வெல்விக்காது என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

படிப்பா, குடும்பமா?

சில நாட்களின் பின்னர், யாங்கீஸ் குழுவுக்காக இளம் வீரரைத் தேடித் திரிந்த போல் கிறிச்செல் என்பவர் கெரிக்கின் ஆட்டத்தைக் கண்டார். அவர் கருத்தைக் கவர்ந்தது பந்தெறிதலிலும் துடுப்பாட்டமே. பேப் ரூத்துக்கு நிகரான ஒருவரைக் கண்டுகொண்டதாக அவர் தம் குழுவினருக்கு அறிவித்தார் என்பர். உடன்படிக்கையில் ஒப்பமிட்டால் முன்பணமாக 1,500 டொலர் கிடைக்கும் என்ற நிலை உண்டாயிற்று.

அவ்வேளையில் தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார். தந்தையாரும் உடல்நலங் குன்றியிருந்தார். வைத்தியச் செலவுக்கு வழியில்லை. தாயின் கனவு ஒரு பக்கம், தாயின் உயிர் மறு பக்கம். கெரிக் ஒப்பமிட்டார். பல்கலைக்கழகப் படிப்பு அத்துடன் முடிந்தது.

அவர் செய்தது சரியா, தவறா என வாதிடல் எளிது. படிப்பை இடைநிறுத்துதலை நாம் எந்நாளும் பரிந்துரையோம். ஆயினும் புகழாசையால் வகுப்பை விட்டோடியவரையும், பெற்றோரைக் காக்கும் பொருட்டு வகுப்பைத் துறந்தவரையும் ஒரு தராசில் வைத்து நிறுத்தல் அறமாகாது.

மேலேறிய வழி

கல்லூரி மைதானத்திலிருந்து நேரே உச்சிக்குத் தாவினார் கெரிக் என்று எண்ணுதல் தவறு. 1923 யூன் மாதத்தில் யாங்கீஸ் குழுவிலே முதன்முறையாக ஆடிய அவர், விரைவிலேயே ஹாட்போட் நகருக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். முன்னர்ப் புனைபெயரோடு சென்ற அதே நகருக்கு இம்முறை சொந்தப் பெயரோடு சென்றார். அங்கே ஆரம்பத்தில் அவரது துடுப்புத் தளர்ந்தது, உள்ளமுந் தளர்ந்தது. கிறிச்செல் நேரிற் சென்று அவரைத் தேற்றினார். சிறந்த துடுப்பாளரும் பத்து முறைக்கு ஏழு முறை தவறுவர் என்னும் உண்மையைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதே தொழில் ஆட்டக்காரர் கற்கவேண்டிய முதற்பாடம். கெரிக் அதனைக் கற்றார். 1924ஆம் ஆண்டு முழுப்பருவமும் ஹாட்போட்டில் ஆடி 37 ஹோம் ரன்கள் அடித்தார். பந்து தடுத்தலில் அவர் தொடக்கத்திற் கைதேர்ந்தவரல்லர். அக்குறையையும் இடையறாப் பயிற்சியினாலேயே நீக்கிக்கொண்டார்.

1925ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி யாங்கீஸ் குழுவில் வேறொருவருக்குப் பதிலாக ஒருமுறை துடுப்பெடுக்க அவர் அழைக்கப்பட்டார். மறுநாள், முதலாந் தளத்தைப் பல ஆண்டுகளாகக் காத்துவந்த வொலி பிப் என்பவரின் இடத்தில் நிறுத்தப்பட்டார். பிப்புக்கு அன்று தலைவலி என்றும், அதனால் ஒரு நாள் ஓய்வு கேட்டு இடத்தையே இழந்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. உண்மையில், அப்பருவத்திற் குழு தோல்விமேல் தோல்வி கண்டமையால் முகாமையாளர் மில்லர் ஹக்கின்ஸ் அன்று ஒருவரையன்றிப் பலரை மாற்றினார். ஆகவே பிப் சோம்பியதால் கெரிக் உயர்ந்தார் என்பதிலும், இடம் வெறுமையான நாளில் அதனை நிரப்பத் தகுதியோடு கெரிக் ஆயத்தமாக இருந்தார் என்பதே பொருந்தும்.

நாள் தவறாத வரவு

அந்நாள் தொடங்கி 1939ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதிவரை யாங்கீஸ் குழு ஆடிய போட்டிகளுள் ஒன்றிலேனும் கெரிக் இல்லாமலில்லை. தொடர்ச்சியாக அவர் ஆடிய போட்டிகள் 2,130. அவருக்கு முன்னர் எவரெற் ஸ்கொற் என்பவர் 1,307 போட்டிகள் தொடர்ந்து ஆடியிருந்தார். அச்சாதனையை 1933ஆம் ஆண்டிலேயே கெரிக் கடந்துவிட்டார்.

வரவு மாத்திரமன்று, வந்த நாளிற் செய்த பணியும் பெரிது. 1927ஆம் ஆண்டில் அவர் 47 ஹோம் ரன்கள் அடித்து, தமது சங்கத்தின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். அதே ஆண்டில் பேப் ரூத் 60 அடித்தமையால் உலகத்தின் பேச்செல்லாம் ரூத்தைப் பற்றியே இருந்தது. 1932 யூன் 3ஆந் திகதி ஒரே போட்டியில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். அன்றுதான் ஜோன் மக்ரோ பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். பத்திரிகைகளின் தலைப்பை மக்ரோவின் செய்தி பிடித்துக்கொண்டது! இவ்வாறு பிறர் நிழலில் நிற்க நேர்ந்த போதெல்லாம் அவர் மனங் கசந்தாரில்லை. மறுநாளும் மைதானத்துக்கு வந்தார்.

இங்கே ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும். 1934 யூலை 14ஆந் திகதி இடுப்பு நோவினால் அவரால் நிமிரவும் இயலவில்லை. தொடர்ச்சி அறாதிருத்தற் பொருட்டு முதலாவது துடுப்பாளராக ஒருமுறை மட்டும் ஆடி, உடனே விலகிக்கொண்டார். கை விரல்களில் முறிவு ஏற்பட்ட போதும் அவர் ஆடியதுண்டு. பிற்காலத்தில் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் பல பழைய முறிவுகளைக் காட்டின. உடலை வருத்தி எண்ணிக்கையைக் காத்தல் எல்லார்க்கும் உரிய வழியன்று. நம் மாணவர் அவரிடத்துக் கொள்ளவேண்டியது உறுதியையே.

விலகத் தெரிந்த வீரர்

1938ஆம் ஆண்டில் அவரது ஆற்றல் குன்றத் தொடங்கியது. 1939ஆம் ஆண்டின் முதல் எட்டுப் போட்டிகளில் 28 முறை துடுப்பெடுத்து, நான்கு முறை மாத்திரமே பழுதின்றி அடித்தார். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் முதலாந் தளத்தில் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தை அவர் செய்து முடித்தபோது, உடனாடியோர் அதனை அருஞ்செயல் போலப் பாராட்டினர். அப்பாராட்டே அவர் உள்ளத்தைத் தைத்தது. எளிய செயலுக்குத் தோழர் புகழுரை கூறும் நிலைக்குத் தாம் வந்துவிட்டதை உணர்ந்தார்.

மே 2ஆந் திகதி டெற்றோயிற் நகரில், தம்மை அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கும்படி முகாமையாளரிடம் தாமே கேட்டுக்கொண்டார். எவரும் அவரை விலகச் சொல்லவில்லை. விலக்க ஒருவருக்கும் மனமும் வரவில்லை. குழுத் தலைவர் என்ற முறையில், தம் பெயர் இல்லாத வீரர் பட்டியலைத் தாமே எடுத்துச் சென்று நடுவரிடம் கொடுத்தார். பதினான்கு ஆண்டுத் தொடர்ச்சி அவ்வாறு முடிந்தது.

யூன் 19ஆந் திகதி, அவருடைய முப்பத்தாறாவது பிறந்தநாளில், மேயோ வைத்தியசாலை வைத்தியர்கள் நோயைக் கண்டறிந்தனர். தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழியும் நோய் அது. அமெரிக்காவில் அதற்கு அவர் பெயரே வழங்குகின்றது. அன்று மருந்தில்லாத அந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்றுங் காணப்படவில்லை.

யூலை 4ஆந் திகதி யாங்கீஸ் மைதானத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அவருக்கு விடைகொடுக்கக் கூடினர். கெரிக் பேசினார். நோயைப் பற்றி இரங்கற் சொல் எதுவும் கூறாது, தம்மை நற்பேறு பெற்றவர் என்றே குறிப்பிட்டார். தோழர்களையும் முகாமையாளர்களையும் மைதானத்தைப் பேணும் தொழிலாளரையும் மனைவியையும் நன்றியோடு நினைத்தார். மகன் கல்வி பெறவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்த பெற்றோர் வாய்த்தமை ஒரு பேறு என்றுங் கூறினார். கல்வியை இடையில் விட்டவர், பெருங்கூட்டத்தின் நடுவே, தம் இறுதிப் பிரியாவிடையிலே கல்வியை மறவாது நினைத்தார் என்பதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர் அணிந்த நான்காம் இலக்கத்தை வேறெவர்க்கும் கொடுப்பதில்லை என அக்குழு முடிவுசெய்தது. மேஜர் லீக்கில் இவ்வாறு மதிக்கப்பட்ட முதல் வீரர் அவரே.

அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நகர முதல்வர் லாகார்டியா அளித்த பதவியை ஏற்று, 1940ஆம் ஆண்டு முதல், சிறையிலிருந்து நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்படுவோரைப் பற்றி ஆராயும் ஆணைக்குழுவிற் பணியாற்றினார். கைகள் எழுத மறுக்குங் காலம்வரை அப்பணிக்குச் சென்றார். 1941 யூன் 2ஆந் திகதி உயிர்நீத்தார். வொலி பிப்பின் இடத்தில் அவர் முதன்முதல் நின்ற நாளிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

நாம் பெறும் பாடம்

முறியடிக்கவொண்ணாதது எனப் பலர் கருதிய 2,130 என்ற எண்ணை 1995ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆந் திகதி கல் ரிப்கன் என்பவர் கடந்தார். சாதனைகள் கடக்கப்படுதற்கே உரியன. கடக்கப்பட்ட பின்னும் கெரிக்கின் பெயர் மங்காமைக்குக் காரணம் எண்ணிக்கையன்று.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். அம்முறையிலே ஒரு பொருளுண்டு. முயன்று உயர்தல் ஒருபாதி. உயர்ந்தவர் மேல் துன்பம் வந்து வீழ்கையில் மனம் உடையாதிருத்தல் மறுபாதி. முதற்பாதியை மாத்திரம் கற்றவர் பலர். கெரிக் இரண்டையுங் கற்றவர். பதினான்கு ஆண்டு நாள் தவறாது வந்தமையும், வர இயலாத நாளில் பிறர் சொல்லாமுன் தாமே விலகியமையும் ஒரே குணத்தின் இரு முகங்களாம். தம்மினும் குழுவே பெரிது என்னும் எண்ணமே அக்குணம்.

அக்குணத்தை எப்பரீட்சையும் அளந்து சான்றிதழ் வழங்குவதில்லை. எனினும் அது வளர்வதற்கு ஏற்ற இடம் கல்லூரியே. காலைதோறும் வகுப்பாசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும்போது, அஃது ஒரு வெறுஞ் சடங்கு என மாணவர் நினைப்பதுண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே நினைத்தோம். மழை பெய்த நாளிலும், பாடம் படியாத நாளிலும், முதல்நாட் போட்டியில் தோற்றுத் தலைகுனிந்திருந்த நாளிலும், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று குரல் கொடுத்த பழக்கமே பின்னாளில் நம்மைத் தொழிலிலும் குடும்பத்திலும் நிலைநிறுத்தியது என்பதைப் பழைய மாணவர் பலர் இன்று அறிவர்.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். இடையிற் சென்ற மாணவர்க்கும் கல்லூரி ஒன்றைக் கொடுத்தே அனுப்புகின்றது. அதனைப் பெற்றவர் பட்டியலில் இல்லாதிருக்கலாம், இடாப்பில் இருந்தவர். இவ்விழா நாளில் மேடையேறும் பெரியோரை வாழ்த்தும் நாம், புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துக் குடும்பத்தைத் தாங்கச் சென்ற அப்பழைய தோழர்களையும் பெயர் சொல்லி நினைப்போமாக. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் இளைஞர், நாளைக் காலை தம் பெயர் கூப்பிடப்படும்போது தெளிந்த குரலில் விடையளிப்பாராக.